ஊசி வைத்தியம் தோட்டத்துக்கும் வரட்டும்!

உழைப்பவனுக்கு உடம்பே மூலதனம். முதலாளியின் இயந்திரம் தேய்ந்தால் அதைத் 'தேய்மானம்' என்று கணக்கில் எழுதிக் கழித்துக்கொள்ளலாம். தொழிலாளியின் இடுப்பும், முழங்காலும், தோள்பட்டையும் தேய்ந்தால் அது எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. வலியை அவனே சுமக்கிறான். வேலை செய்ய முடியாத நாளில் வீட்டிலிருப்பவர்களும் சேர்ந்து சுமக்கிறார்கள்.

கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை, ரவாங், கோலகுபு பாரு ஆகிய வட்டாரங்களில் இந்த வலியை அறியாத குடும்பமே இல்லை எனலாம். இருட்டோடு எழுந்து, சுமார் 500 மரங்களில் குனிந்தும் நிமிர்ந்தும் பால் வெட்டி, வாளி சுமந்து ஸ்டோருக்கு நடந்தவர்களின் இடுப்பு, வேலையை விட்ட பிறகும் அவர்களை விடுவதில்லை. செம்பனையின் கதை இன்னும் கடுமை. இந்நாட்டில் வியாபார நோக்கில் முதன்முதலாகச் செம்பனை பயிரிட்டது நமது கோலசிலாங்கூரிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான்; அது 1917ஆம் ஆண்டு. நூறு ஆண்டுகள் கடந்தும் குலை வெட்டுகிறவன் அண்ணாந்து நின்று நீளக் கழியை இழுக்கிறான். உதிர்ந்த பழத்தைப் பொறுக்கும் மாதர் நாள் முழுதும் குனிந்தே கிடக்கிறார்கள். கழுத்துக்கு ஒருவர், இடுப்புக்கு ஒருவர் என்று வலி பங்கு போடப்பட்டிருக்கிறது.

இதற்கு இன்று கிடைக்கும் வைத்தியம் என்ன? கிளினிக்கில் வலி மாத்திரை, வீட்டில் தைலம், சிலருக்கு மாலையில் சம்சு. வலி மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகத்துக்குக் கேடும் வரும் என்பது டாக்டர்கள் சொல்லும் எச்சரிக்கை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். சம்சுவைப் பற்றி நாம் சொல்லவே வேண்டியதில்லை.

இந்த நிலையில்தான் 'அக்குபங்சர்' எனப்படும் சீன ஊசி வைத்தியத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம். மயிர்போன்ற மெல்லிய ஊசிகளை உடம்பின் குறிப்பிட்ட இடங்களில் செருகி, சிறிது நேரம் விட்டுவைத்து எடுக்கும் முறை இது. மருந்து எதுவும் உள்ளே ஏற்றப்படுவதில்லை. நமது சர்க்காரே இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. 2007இல் பினாங்கு கெப்பாலா பத்தாஸ் ஆஸ்பத்திரியில் பாரம்பரிய, துணை மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. பின்னர் புத்ரா ஜெயாவிலும் ஜொகூர் பாருவிலும் வேறு ஊர்களிலும் திறக்கப்பட்டது. நாள்பட்ட வலிக்கும், பக்கவாதம் கண்டவர்களுக்கும் அங்கே ஊசி வைத்தியம் உண்டு. 2016ஆம் ஆண்டின் 775ஆவது சட்டம் இத்தொழில் செய்வோரைப் பதிவுக்கும் கட்டுப்பாட்டுக்கும் கொண்டுவந்தது.

இதனால் பயன் உண்டா? உண்டு, ஆனால் அளவோடுதான். ஜெர்மனியில் நடந்த பெரிய ஆராய்ச்சிகளில், ஊசி வைத்தியம் பெற்ற இடுப்பு வலிக்காரர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அதிகம் குணம் கண்டார்கள். ஆனால் குறித்த இடத்தை விட்டு வேறிடத்தில் பெயருக்கு ஊசி குத்தப்பட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணம் கண்டார்கள். ஆகவே அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பிரிட்டனின் 'நைஸ்' என்ற மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2016இல் இடுப்பு வலிக்கு இது வேண்டாம் என்றது. 2021இல் காரணம் புலப்படாத நாள்பட்ட வலிக்குச் செலவு வரம்போடு கொடுத்துப் பார்க்கலாம் என்றது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஜெர்மனியின் நோய்க் காப்புறுதி 2007 முதலும், அமெரிக்க முதியோர் காப்புறுதி 2020 முதலும் பணம் கொடுக்கின்றன. சர்வரோக நிவாரணி என்று நாம் விளம்பரம் செய்யவில்லை. வசதியுள்ளவனுக்குக் கிடைக்கும் ஓர் ஆறுதல் தோட்டத் தொழிலாளிக்கும் கிடைக்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.

தடை எங்கே இருக்கிறது? பணத்திலும் தூரத்திலும் இருக்கிறது. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாயிற்று. 26 நாள் வேலைக்கு வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளிதான். தனியாரிடம் ஒரு தடவை ஊசி போட்டுக்கொள்ள அந்த ஒரு நாட்கூலி போய்விடும். ஒரு தடவையோடு இது தீராது; பத்துத் தடவையாவது போகவேண்டும். 650 வெள்ளிக்கு எங்கே போவது? பஸ் செலவும், வேலைக்குப் போகாத நாளின் கூலியும் வேறு. சர்க்கார் கிளினிக்கில் பிரஜைகளுக்கு 1 வெள்ளியில் வைத்தியம் கிடைப்பது நமக்குப் பெரும் பேறு. அந்த 1 வெள்ளிக் கதவு ஊசி வைத்தியத்துக்கும் திறக்கவேண்டும் என்பதே நமது வாதம்.

ஏழைக்கு எட்டும்படி செய்ய முடியுமா என்று ஐயுறுவோருக்கு முன்மாதிரிகள் உண்டு. சிங்கப்பூரில் 1867இல் தோன்றிய தோங் சாய் தர்ம வைத்தியசாலை, இனம் பாராமல் ஏழைகளுக்கு இலவசமாகச் சீன வைத்தியம் அளித்தது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 2002இல் 'தொழிலாளி வர்க்க அக்குபங்சர்' என்ற பெயரிலேயே ஒரு நிலையம் ஆரம்பித்தார்கள். தனித்தனி அறை கிடையாது. ஒரே கூடத்தில் சாய்வு நாற்காலிகளைப் போட்டுப் பலருக்கு ஒரே நேரத்தில் ஊசி போட்டார்கள். முழங்கைக்கும் முழங்காலுக்கும் கீழேதான் பெரும்பாலும் ஊசி. ஆகவே உடை களைய வேண்டியதில்லை. கட்டணம் 15 முதல் 35 டாலர். எவ்வளவு என்பதை வந்தவரே தீர்மானித்தார். வருமானச் சான்று கேட்கவில்லை. கூடமும் நாற்காலியும் நம்மிடம் இல்லையா? சங்கக் கட்டடமும் கோயில் மண்டபமும் பல தோட்டங்களில் உண்டே!

'சீனர் வைத்தியம் நமக்கெதற்கு?' என்று சிலர் கேட்கக்கூடும். ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது 1938இல் இந்தியக் காங்கிரஸ் சீனாவுக்கு ஐந்து டாக்டர்களை அனுப்பியது. அவர்களில் டாக்டர் கோட்னிஸ் 1942இல் அங்கேயே உயிர் நீத்தார். அவரோடு போன டாக்டர் பி. கே. பாசு 1950களின் இறுதியில் மீண்டும் சீனா சென்று ஊசி வைத்தியம் பயின்று, கல்கத்தாவில் அதைப் பரப்பினார். வலிக்கு இனம் இல்லை, வைத்தியத்துக்கும் வேண்டாம்.

எனினும் நமது அங்கத்தினர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பதிவு பெறாதவரிடம் உடம்பைக் கொடுக்காதீர்கள். உங்கள் கண்முன்னே உறை பிரித்த புது ஊசியாக இருக்கவேண்டும். ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் பரவும். காய்ச்சல், பாம்புக் கடி, நெஞ்சு வலி ஆகியவற்றுக்கு ஊசி வைத்தியரைத் தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இடுப்பு வலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அதுவும் அவசரமே. நீரிழிவு மருந்தை எவர் சொன்னாலும் நிறுத்தவேண்டாம்.

நிர்வாகங்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். இன்று ஊசியைக் குத்தி, நாளை அதே சுமையை முதுகில் ஏற்றுவது வைத்தியமாகாது. மாட்டுக்கு லாடம் அடிக்கிற காரியம் அது. 1941இல் சிலாங்கூர் தோட்டங்களைக் குலுக்கிய வேலைநிறுத்தத்தில் முறையான வைத்திய வசதியும் ஒரு கோரிக்கையாக இருந்தது. அன்று கேட்டது தர்மமல்ல, உரிமை. இன்றும் அப்படியே. வலி வராமல் தடுப்பது முதல் கடமை. சுமைக்கு வரம்பு வேண்டும். தள்ளுவண்டிகளும் இலகுவான கழிகளும் வேண்டும். ஓய்வு நேரம் வேண்டும்.

ஆகவே நாம் கோருவது இவை. முதலாவதாக, சுகாதார அமைச்சு வட சிலாங்கூர் தோட்டங்களுக்கு அருகிலுள்ள சர்க்கார் கிளினிக்குகளுக்கு வாரம் ஒரு நாளாவது பதிவு பெற்ற ஊசி வைத்தியரை அனுப்பவேண்டும். அங்குள்ள டாக்டரே நோயாளியைப் பார்த்து அவரிடம் அனுப்பட்டும். இரண்டாவதாக, டாக்டர் எழுதிக் கொடுத்தால் அந்த நேரத்துக்குக் கூலி பிடிக்காமல், போக்குவரத்துக்கும் நிர்வாகம் ஏற்பாடு செய்யவேண்டும். மூன்றாவதாக, வேலையால் வந்த வலிக்கு இச்சிகிச்சையின் செலவை ஏற்பது பற்றிப் பெர்கேசோ ஆராயவேண்டும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் பெர்கேசோ பாதுகாப்பில் இருக்கிறார்கள். நம்மோடு குலை சுமக்கும் வங்காளதேசத் தோழரும் இந்தோனேசியத் தோழரும் இதில் விடுபடலாகாது.

சங்கக் கிளைகளுக்கும் வேலை உண்டு. எந்தத் தோட்டத்தில் எத்தனை பேர் மூன்று மாதத்துக்கு மேல் வலியோடு வேலை செய்கிறார்கள், எந்த வேலையில் எந்த வலி என்று கிளைக் காரியதரிசிகள் கணக்கெடுக்க வேண்டும். மாதர் பகுதித் தோழியர் வீடு வீடாகச் சென்று பெண்களின் வலியையும் குறித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் கேட்டாலொழிய வாய் திறக்கமாட்டார்கள். கணக்கு கையில் இருந்தால்தான் கோரிக்கைக்குப் பலம்.

தொழிலாளியின் தேய்மானம் இனியேனும் கணக்கில் ஏறட்டும். அதை எழுதவேண்டிய கை முதலில் நம்முடையதே!