ஃபைல் காப்பி ஆக லேட் ஆகுதா? புது லேப்டாப் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

நம்ம சேனல்ல வழக்கமா டேக்ஸ், இன்ஷூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட் பத்திப் பேசுவோம். இன்னைக்குக் கம்ப்யூட்டர் பத்தி எழுதுறேன். ஆனா இதுவும் பணம் சம்பந்தப்பட்ட பதிவுதான்.

விண்டோஸ் 10-க்கான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிஞ்சது. அதுக்கப்புறம் நிறைய பேர் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடாம, லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு போட்டுப் பயன்படுத்த ஆரம்பிச்சிருக்காங்க. நல்ல முடிவு. ஆனா கொஞ்ச நாள்ல ஒரு புகார் வருது: "சார், பேக்கப் எடுக்க விடிய விடிய ஓடுது. புதுசா ஒண்ணு வாங்கிடலாமா? எப்படியும் டேக்ஸ்ல கழிச்சுக்கலாமே?"

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வேகம் எங்கே அடைபடுதுன்னு அளந்து பார்க்காம புது மெஷின் வாங்குறது, ரத்தப் பரிசோதனை இல்லாம ஆபரேஷனுக்குத் தேதி வாங்குற மாதிரி. "டேக்ஸ்ல கழிச்சுக்கலாம்" என்பது அதை நியாயப்படுத்தாது.

முதல்ல அந்த டேக்ஸ் கணக்கு

கம்ப்யூட்டருக்கு வருமான வரியில் 40% தேய்மானம் உண்டு. 50,000 ரூபாய்க்கு வாங்கினா முதல் வருஷம் 20,000 ரூபாய் செலவாகக் காட்டலாம். நீங்க 30% ஸ்லாபில் இருந்தா, 4% செஸ்ஸும் சேர்த்து மிச்சமாகும் வரி 6,240 ரூபாய். அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாப் பயன்படுத்தியிருந்தா இதிலும் பாதிதான். அடுத்த வருஷம் மீதி 30,000-க்கு 40%, அதாவது 12,000. இப்படிக் குறைஞ்சுகிட்டே போகும். கையை விட்டுப் போறது 50,000, முதல் வருஷம் திரும்பி வர்றது 6,240. இதை டிஸ்கவுண்ட்னு சொல்ல முடியாது.

அதுவும் எல்லாருக்கும் கிடையாது. சம்பளம் வாங்குறவங்களுக்கு இந்தக் கழிவே இல்லை. அனுமான வருமான முறையில் ரிட்டர்ன் போடுற சின்ன வியாபாரிகளுக்கும் தொழில்முறை ஆட்களுக்கும் தேய்மானம் ஏற்கெனவே கழிச்சதாகவே கணக்கு. தனியா ஒரு ரூபாய் கூடக் கழிக்க முடியாது. ஜிஎஸ்டி பதிவு இருந்து, இன்புட் கிரெடிட் எடுத்தா, அந்த ஜிஎஸ்டி தொகைக்குத் தேய்மானமும் கேட்கக் கூடாது. ரெண்டுல ஒண்ணுதான்.

மெகாபிட் என்பது சிடிசி, கையில் வர்றது வேற

போர்ட்டிலும் பெட்டியிலும் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் மெகாபிட்டில் இருக்கும். ஸ்க்ரீனில் காப்பி ஆகும்போது காட்டுறது மெகாபைட், அதாவது எம்பி. 8 பிட் சேர்ந்தாதான் ஒரு பைட். ஆஃபர் லெட்டரில் இருக்கும் சிடிசிக்கும் மாசக் கடைசியில் அக்கவுண்ட்டில் விழும் தொகைக்கும் உள்ள வித்தியாசம்னு வெச்சுக்கோங்க.

யுஎஸ்பி 2.0 போர்ட்டின் வேகம் 480 மெகாபிட். 8-ஆல் வகுத்தா 60 எம்பி. இடையில் போகும் செலவெல்லாம் கழிச்சு, கையில் வர்றது நொடிக்கு 30 முதல் 40 எம்பி. பழைய 100 மெகாபிட் லேன் என்றால் சுமார் 11 எம்பி. ஜிகாபிட் லேன் என்றால் 110 எம்பி பக்கம்.

100 ஜிபி பேக்கப்பை இதில் பொருத்திப் பாருங்க. ஜிகாபிட் லேனில் கால் மணி நேரம். யுஎஸ்பி 2.0-ல் முக்கால் மணிக்குக் கொஞ்சம் மேல. 100 மெகாபிட் லேனில் இரண்டரை மணி நேரம். அதனால உங்க மெஷின் யுஎஸ்பி 2.0-ல் 35 எம்பி காட்டினா, அது ரிப்பேர் இல்லை. அதோட முழுச் சம்பளமே அவ்வளவுதான். 3 எம்பி காட்டினாதான் எங்கேயோ பிடித்தம் ஆகுதுன்னு அர்த்தம்.

எங்கே அடைபடுது? இந்த வரிசையில் பாருங்க

ஒரே 2 ஜிபி ஃபைலை எடுத்துக்கோங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு விஷயத்தை மட்டும் மாத்திப் பாருங்க. ரெண்டு மாத்தினா எது காரணம்னு தெரியாது.

1. டிஸ்க்கின் உடல்நிலை. இதுதான் எல்லாத்துக்கும் முன்னாடி. மின்ட், உபுண்டு ரெண்டிலும் 'டிஸ்க்ஸ்' என்ற ஆப் இருக்கு. அதில் ஸ்மார்ட் டேட்டாவைத் திறங்க. 'ரீ-அலொகேட்டட் செக்டர்', 'கரன்ட் பெண்டிங் செக்டர்' ரெண்டையும் பாருங்க. பூஜ்யம் இல்லாம, நாளுக்கு நாள் எண் ஏறிகிட்டே இருந்தா டிஸ்க் போகப் போகுது. அங்கேயே நிறுத்திடுங்க, வேக டெஸ்ட் எதுவும் வேண்டாம். டேட்டாவை வெளியே எடுக்கிறதுதான் அப்போ ஒரே வேலை. 'யுடிஎம்ஏ சிஆர்சி எரர்' மட்டும் ஏறுதா? பெரும்பாலும் உள்ளே இருக்கும் சாட்டா கேபிள்தான் காரணம். டெஸ்க்டாப் என்றால் அதை மாத்த நூறு, இருநூறு ரூபாய் விஷயம்.

2. டிஸ்க்கின் வேகம். உடல்நிலை சரியா இருந்தா, அதே ஆப்பில் பெஞ்ச்மார்க் ஓட்டுங்க. படிக்கும் டெஸ்ட் மட்டும் போதும். எழுதும் டெஸ்ட்டைத் தொடாதீங்க. நல்லா இருக்கும் பழைய லேப்டாப் ஹார்டு டிஸ்க் 60 முதல் 100 எம்பி வரை காட்டும். அது சரியா இருந்தா கோளாறு டிஸ்க்கில் இல்லை, வழியில்தான்.

3. யுஎஸ்பி போர்ட். பழைய கம்ப்யூட்டரில் ஒண்ணு ரெண்டு போர்ட்தான் 3.0-ஆ இருக்கும், பெரும்பாலும் உள்ளே நீல நிறம். டெர்மினலில் 'எல்எஸ்யுஎஸ்பி' கமாண்டோடு ஒரு இடைவெளி விட்டு மைனஸ் குறியும் சின்ன 'டி'யும் சேர்த்து அடிச்சா, ஒவ்வொரு கருவிக்கும் எதிரே 5000, 480, 12-னு எண் வரும். உங்க 3.0 டிஸ்க்குக்கு எதிரே 480 இருந்தா போர்ட்டை மாத்துங்க, கேபிளை மாத்துங்க. 12 இருந்தா அது யுஎஸ்பி 1.1 வேகம், 100 ஜிபிக்கு ஒரு நாளுக்கு மேல ஆகும். விடிய விடிய ஓடுற கதைக்கு இதுவும் ஒரு காரணம்.

4. லேன், வைஃபை. நெட்வொர்க் செட்டிங்ஸில் லிங்க் வேகம் பாருங்க. ரௌட்டரும் கம்ப்யூட்டரும் ஜிகாபிட்டா இருந்தும் 100-னு காட்டினா கேபிளைச் சந்தேகப்படுங்க. ஜிகாபிட்டுக்கு கேபிளுக்குள்ளே இருக்கும் 8 கம்பியும் வேணும்; 100-க்கு 4 போதும். ஒரு கம்பி அறுந்திருந்தாலும் சத்தமில்லாம வேகம் இறங்கிடும். வைஃபையில் காப்பி பண்றீங்கன்னா, ஒரு தடவை லேன் கேபிள் போட்டு அதே ஃபைலை அனுப்பிப் பாருங்க. பதில் உடனே தெரியும்.

5. என்டிஎஃப்எஸ் டிஸ்க். விண்டோஸ் காலத்து வெளி டிஸ்க் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் இருக்கும். பழைய லினக்ஸ் பதிப்புகள் இதை 'என்டிஎஃப்எஸ்-3ஜி' என்ற புரோகிராம் வழியா எழுதும். அது ப்ராசஸரை நல்லா வேலை வாங்கும். காப்பி ஓடும்போது சிஸ்டம் மானிட்டரில் அந்தப் பேர் உச்சியில் நின்னா இதுதான் அடைப்பு. லினக்ஸ் கெர்னல் 5.15-ல் (2021) என்டிஎஃப்எஸ்-க்கு எழுதவும் முடிகிற புது டிரைவர் சேர்ந்தது, அதனால புதிய பதிப்புக்கு மாறுவது ஒரு வழி. அந்த டிஸ்க்கை லினக்ஸில் மட்டும்தான் பயன்படுத்துவீங்கன்னா எக்ஸ்ட்4-க்கு மாத்தலாம். ஆனா ஃபார்மட் பண்ணினா உள்ளே இருக்கிறது எல்லாம் அழியும். முதல்ல வேற இடத்துக்கு எடுத்து வைங்க.

6. சின்னச் சின்ன ஃபைல். 2 ஜிபி ஒரே ஃபைல் வேகமாப் போகும். அதே 2 ஜிபி பத்தாயிரம் பில் ஸ்கேனா இருந்தா ஊர்ந்துதான் போகும், ஏன்னா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாப் பதிவு போடணும். ஃபோல்டரை ஒரே ஆர்க்கைவ் ஃபைலாக் கட்டி அனுப்புங்க.

100% காட்டினா முடிஞ்சதுன்னு நம்பாதீங்க

லினக்ஸில் பலரைக் குழப்புற விஷயம் இது. பென் டிரைவுக்குக் காப்பி போட்டா முதல்ல பறக்கும், அப்புறம் 100%-ல் அப்படியே நிற்கும். காரணம், லினக்ஸ் முதல்ல ரேமில் வாங்கி வெச்சுக்கிட்டு, பின்னாடி மெதுவா பென் டிரைவில் எழுதும். செக் கொடுத்தாச்சு, இன்னும் க்ளியர் ஆகலை, அவ்வளவுதான். 'எஜெக்ட்' கொடுத்து, எடுக்கலாம்னு சொன்ன பிறகுதான் பிடுங்கணும். இல்லைன்னா ஃபைல் பேரு இருக்கும், உள்ளே முழுசா இருக்காது.

இதுல பணத்தை விடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு

திடீர்னு மெதுவாகும் டிஸ்க், சாகப் போகும் டிஸ்க்கா இருக்கலாம். அதுக்குள்ளே உங்க கணக்குப் புத்தகம் இருக்கு. ஜிஎஸ்டி பதிவு உள்ளவங்க, அந்த வருஷத்துக்கான ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாசம் கணக்கு வெச்சிருக்கணும். கம்பெனி என்றால் 8 வருஷம். "ஹார்டு டிஸ்க் போயிடுச்சு சார்" என்ற பதில் நோட்டீசுக்கு உதவாது.

அதனால டிஸ்க் மோசம்னு தெரிஞ்சா, முதல்ல அக்கவுண்ட்ஸ் டேட்டா, அடுத்து பில், ஒப்பந்தம், பத்திர ஸ்கேன், அப்புறம் குடும்ப போட்டோ. சினிமா எல்லாம் கடைசியில். சாதாரண காப்பி பாதியிலேயே நின்னா 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவசக் கருவி இருக்கு. படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய் முதல்ல முடிஞ்சதை எல்லாம் எடுத்துடும்.

சரி, எப்போதான் புதுசு வாங்கலாம்?

நான் கஞ்சத்தனத்தைச் சொல்லலை. டிஸ்க் மட்டும் போயிருந்தா எஸ்எஸ்டி போடுங்க. சில ஆயிரத்தில் முடியும், பேக்கப் மட்டும் இல்லாம மொத்த மெஷினே சுறுசுறுப்பாகும். ஆனா ப்ராசஸர் 32 பிட் என்றால் காசைக் கொட்டாதீங்க. குரோம் 2016-லேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது, உபுண்டு 2017-ல் 32 பிட் டெஸ்க்டாப்பை நிறுத்தியது. அப்டேட் வராத பிரௌசரில் நெட் பேங்கிங் பண்றது நீங்க எடுக்கக் கூடாத ரிஸ்க். அதே மாதிரி, தினமும் பெரிய வீடியோ ஃபைல்களோடு மல்லுக்கட்டுறதுதான் உங்க வருமானம் என்றால், காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு விலை போடுங்க. தினம் ஒரு மணி நேரம் வீணானா மாசத்துக்கு 25 மணி நேரம். உங்க ஒரு மணி நேரம் 300 ரூபாய் பெறும்னா மாசம் 7,500. அப்போ 50,000 ரூபாய் மெஷின் ஏழு மாசத்தில் தன் விலையை எடுத்துடும். தாராளமா வாங்குங்க.

மாசத்துக்கு ஒரு தடவை பேக்கப் எடுக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்கலாம். டிஸ்க் நல்லா இருக்கான்னு மட்டும் பார்த்துக்கோங்க.

இந்த வாரக் கடைசியில் அரை மணி நேரம் ஒதுக்கி, அந்த ஸ்மார்ட் டேட்டாவையும் யுஎஸ்பி எண்ணையும் பார்த்திடுங்க. கடைக்குப் போறதா இல்லையான்னு அதுக்கப்புறம் முடிவு பண்ணலாம்.