கால் வேண்டும், வாய் வேண்டாமா?

பாப் பீமன் என்றதும் எல்லோரும் ஓர் எண்ணைத்தான் சொல்வார்கள்: 8.90 மீட்டர். 1968 அக்டோபர் 18, மெக்சிகோ நகர ஒலிம்பிக், நீளம் தாண்டுதல். 1935-இல் ஜெசி ஓவன்ஸ் தாண்டியது 8.13. அந்த உலக சாதனை 8.35-ஐத் தொட 30 ஆண்டுகள் ஆயின. பீமன் ஒரே தாண்டலில் 55 சென்டிமீட்டரைக் கூட்டினார். அளக்க வைத்திருந்த கருவி அவ்வளவு தூரம் எட்டவில்லை. நாடா கொண்டு வந்து அளந்தார்கள்.

விளையாட்டுப் பக்கங்கள் இதை "அதிசயம்" என்று எழுதி முடித்துக்கொள்ளும். அதற்கு ஆறு மாதம் முன்பு அவருடைய பல்கலைக்கழகம் அவரை என்ன செய்தது என்பதைப் பெரும்பாலும் எழுதாது. நாம் பேசுவோம், தோழர்களே.

பீமன் எல் பாசோவில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மாணவர். 1966-இல் ஐந்து கறுப்பின வீரர்களைக் களமிறக்கிக் கூடைப்பந்துப் பட்டம் வென்ற அதே கல்லூரி. கறுப்பர்களுக்குக் கதவு திறந்தவர்கள் என்று பெயர் வாங்கிய இடம். 1968 மார்ச்சில் தேசியக் கல்லூரி உள்ளரங்கப் போட்டியில் நீளம் தாண்டுதல், மும்முறை தாண்டுதல் இரண்டிலும் பட்டம் வாங்கிக் கொடுத்தார் பீமன்.

ஏப்ரல் 4-ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டார். அடுத்த சில நாட்களில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துடன் போட்டி. அதை நடத்துவது மார்மன் திருச்சபை. கறுப்பின ஆண்களுக்கு அங்கே குருத்துவம் கிடையாது. நாங்கள் அங்கே போய் ஓட மாட்டோம், தாண்ட மாட்டோம் என்றார்கள் பீமனும் சக கறுப்பின வீரர்களும். அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். பீமனின் உதவித்தொகையும் போனது.

"சோறு போட்ட இடத்துக்கு நன்றி வேண்டாமா?" என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். யார் யாருக்குக் கடன்பட்டிருந்தது? பட்டங்கள் பல்கலைக்கழகத்தின் கணக்கில் ஏறின. உதவித்தொகை அந்த உழைப்புக்கான கூலி, பிச்சை அல்ல. பீமனின் கால்கள் அப்படியேதான் இருந்தன. அவர் வாயைத் திறந்ததும் பணம் நின்றது என்றால், அவர்கள் அதுவரை விலை கொடுத்தது தாண்டலுக்கு மட்டுமா, மௌனத்துக்கும் சேர்த்தா?

"விளையாட்டில் அரசியல் எதற்கு?" என்பது அடுத்த கேள்வி. தோலின் நிறம் பார்த்து ஒரு மனிதனைக் கீழே நிறுத்திய விதியை எழுதியது பீமனா? அந்த விதி அரசியல் இல்லையாம், அதை எதிர்த்தால் மட்டும் அரசியலாம்!

பயிற்சியாளர் இல்லாமல் நின்ற பீமனுக்குக் கைகொடுத்தவர் ரால்ஃப் போஸ்டன். 1960 ஒலிம்பிக் தங்கம் வென்றவர், பீமனின் நேரடிப் போட்டியாளர். மெக்சிகோ தகுதிச் சுற்றில் பீமன் இரண்டு முறை பலகையை மிதித்துத் தவறவிட்டார். மூன்றாவதும் போனால் வெளியேற்றம். பலகைக்குச் சற்று முன்னாலேயே எழும்பு என்று சொல்லிக் கொடுத்தவர் போஸ்டன். மறுநாள் பீமன் முறியடித்த சாதனையில் போஸ்டனுக்கும் பங்கு இருந்தது. தோழமை என்றால் இதுதான்.

மெக்சிகோவின் உயரம், காற்று என்று காரணம் சொல்பவர்கள் உண்டு. அதே மைதானத்தில், அதே உயரத்தில் இரண்டாம் இடம் பிடித்தவர் தாண்டியது 8.19 மட்டுமே.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 8.90 தாண்டியதால் பீமனின் மறுப்பு நியாயமாகிவிடவில்லை. மணலில் விழுந்து தோற்றிருந்தாலும் அது நியாயம்தான். அவரோடு நீக்கப்பட்ட மற்றவர்களுக்கு இந்தப் புகழ் இல்லை; அவர்கள் செய்ததும் அதே சரியான செயல். 1969-இல் இதே திருச்சபையின் விதியை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிய விரும்பிய 14 கால்பந்து வீரர்களை வயோமிங் பல்கலைக்கழகம் நீக்கியது. திருச்சபை 1978-இல் விதியை மாற்றியது. வயோமிங் மன்னிப்புக் கேட்டது 2019-இல். ஐம்பது ஆண்டுகள்!

உதவித்தொகையில் படிக்கும் தம்பி, தங்கைகளே, சாதித்துவிட்டுப் பேசு என்று உங்களுக்கும் அறிவுரை வரும். பீமன் பேசியது ஏப்ரலில், தங்கம் வந்தது அக்டோபரில். உங்கள் வகுப்பில் ஒருவர் பேசியதற்காகத் தனித்து நிறுத்தப்பட்டால், போஸ்டனைப் போலப் பக்கத்தில் போய் நில்லுங்கள். அதற்குப் பதக்கம் தேவையில்லை.