மனமகிழ் மன்ற நிர்வாகிகள் கவனத்திற்கு

ஊருக்கு ஊர் ஒரு கிளப் இருக்கிறது. சீட்டாட்ட அறை, பூப்பந்து மைதானம், சிறிய உணவகம், சில இடங்களில் பார். அதன் செயலாளராகவோ பொருளாளராகவோ வருகிறவர் பெரும்பாலும் ஊரில் மதிப்புள்ளவர்: டாக்டர், ஆலை அதிபர், ஓய்வுபெற்ற அதிகாரி. சம்பளமில்லாத கௌரவப் பதவி என்றுதான் அவர் அதை ஏற்கிறார். ஆனால் சம்பளம் வாங்காததால் சட்டத்தின் கண்ணில் பொறுப்பு குறைந்துவிடுவதில்லை. மன்றத்தின் காசோலை பணமில்லாமல் திரும்பினால், கையெழுத்துப் போட்டவர் மீதும் வழக்கு வரும். ஊழியர்களிடம் பிடித்த வருங்கால வைப்பு நிதியைக் கட்டாமல் விட்டால், நிர்வாகிகளைத் தேடித்தான் நோட்டீஸ் வரும்.

இப்படிச் சிக்கிக்கொள்கிறவர்களில் பலர் ஒரு ரூபாயும் கையாடாதவர்கள் என்பதுதான் வருத்தம். விதியைப் படிக்காததும், எழுத வேண்டியதை எழுதி வைக்காததுமே அவர்களைக் கோர்ட்டு வாசலில் நிறுத்துகின்றன.

உங்கள் மன்றம் எந்தச் சட்டத்தின்கீழ் பதிவானது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலானவை 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ், மாவட்டப் பதிவாளரிடம் பதிவானவை. பழைய பெரிய கிளப்புகள் சில, கம்பெனிச் சட்டத்தின்கீழ் லாப நோக்கமற்ற கம்பெனிகளாக இருக்கின்றன. பின்னதில் நிர்வாகக் குழு உறுப்பினர் என்பவர் சட்டப்படி இயக்குநர். அந்தக் கம்பெனி தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கணக்கையோ ஆண்டறிக்கையையோ தாக்கல் செய்யாவிட்டால், அவர் ஐந்து ஆண்டுகளுக்கு இயக்குநராகும் தகுதியை இழக்கிறார். கிளப்பில் நடந்த தவறு அவருடைய சொந்தத் தொழில் வரைக்கும் பாயும். 2017இல் இந்த விதியின்கீழ் லட்சக்கணக்கான இயக்குநர்களை மத்திய அரசு தகுதி நீக்கம் செய்தது.

சங்கமாகப் பதிவான மன்றங்களில் தகராறு வேறு இடத்தில் தொடங்குகிறது. நிர்வாகக் குழுவின் பதவிக் காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். மறுபடியும் போட்டியிட்டு வரத் தடையில்லை. ஆனால் தேர்தலே நடத்தாமல் நீடிக்க முடியாது. தேர்தல் முடிந்ததும் புதிய குழுவின் விவரத்தைப் படிவம் 7இல் பதிவாளருக்குத் தாக்கல் செய்ய வேண்டும். பல மன்றங்களில் இரண்டும் நடப்பதில்லை. பிறகு ஒருநாள் இரண்டு அணிகள் தனித்தனியே பொதுக்குழு கூட்டி, இரண்டு படிவங்களைக் கொண்டுபோய் நீட்டுகின்றன. வங்கிக் கணக்கு முடங்குகிறது; ஊழியர் சம்பளம் நிற்கிறது. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கேட்டால் பதிவாளர் 36ஆம் பிரிவின்கீழ் விசாரிக்கலாம். ஆனால் தேர்தல் செல்லுமா செல்லாதா என்ற தகராறு கடைசியில் சிவில் கோர்ட்டுக்குத்தான் போகிறது. நிலைமை முற்றினால் அரசு குழுவைக் கலைத்துத் தனி அலுவலரை நியமிக்கவும் வழி இருக்கிறது.

உறுப்பினரை நீக்குவதில்தான் நல்லவர்களும் தடுக்கி விழுகிறார்கள். ஒருவர் குடித்துவிட்டுப் பணியாளரை அடித்தார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாளே குழு கூடுகிறது, எல்லோருக்கும் கோபம். ‘மன்றத்தின் கண்ணியத்துக்குக் குந்தகம் விளைவித்ததால் நீக்கப்படுகிறீர்கள்’ என்று கடிதம் போகிறது. நியாயம் குழுவின் பக்கம்தான். ஆனாலும் இந்தக் கடிதம் கோர்ட்டில் நிற்பது கடினம். என்ன தேதி, எத்தனை மணி, யாரை அடித்தார், துணை விதியின் எந்தப் பிரிவை மீறினார் என்று எதுவும் அதில் இல்லை. அவரிடம் விளக்கமும் கேட்கவில்லை. பெல்காம் ஃப்ரீமேசன் லாட்ஜ் ஒன்றிலிருந்து நீக்கப்பட்ட டேவர் என்பவரின் வழக்கில், 1960களின் தொடக்கத்திலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. மன்றம் தன் உறுப்பினரை நீக்கலாம். கோர்ட்டு அந்த முடிவின் மீது மேல்முறையீடு கேட்காது. ஆனால் மன்றத்தின் சொந்த விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றியிருக்க வேண்டும், நல்லெண்ணத்தோடு நடந்திருக்க வேண்டும், அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தந்திருக்க வேண்டும். குற்றச்சாட்டை விவரமாக எழுதிய நோட்டீஸ், பதில் தர நியாயமான அவகாசம், விசாரணை, காரணம் சொல்லும் முடிவு, இவற்றுக்குச் சில வாரங்கள் ஆகும். இந்த வாரங்களைச் செலவிட மனமில்லாத குழுக்கள் பிறகு ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்கு அலைகின்றன. புகார் கொடுத்தவரே விசாரணைக் குழுவிலும் உட்காருவதை என்னால் ஏற்கவே முடியாது.

பண விஷயத்துக்கு வருவோம். பொருளாளரின் மைத்துனருக்கு உணவக ஒப்பந்தம் கொடுப்பது தன்னளவில் குற்றம் ஆகிவிடாது. உறவை முன்கூட்டியே சொல்லி, அந்த விவாதத்திலிருந்து வெளியேறி, மற்றவர்களிடமும் விலைப்புள்ளி வாங்கி, அத்தனையையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதினால் குழு பாதுகாப்பாக இருக்கும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று எழுதாமல் விட்டால், அடுத்து வரும் குழு அதையே ஊழல் என்று எழுதும்.

கிளப்பின் எந்த வருமானத்துக்கும் வரி இல்லை என்ற தப்பெண்ணம் பரவலாக இருக்கிறது. உறுப்பினர்களுக்குள்ளேயே புழங்கும் பணத்துக்கு வரி இல்லை என்பது பழைய கோட்பாடு. கல்கத்தா கிளப் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆனால் வங்கி வைப்புத்தொகையின் வட்டிக்கு இந்தச் சலுகை இல்லை என்று பெங்களூர் கிளப் வழக்கில் 2013இலும், செகந்திராபாத் கிளப் வழக்கில் 2023இலும் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜிஎஸ்டி சட்டத்தையும் 2021இல் திருத்தி, 2017 ஜூலை முதலே உறுப்பினர் சேவைகளுக்கு வரி உண்டு என்றார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2025இல் அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்றது. ஆகவே பக்கத்து ஊர் கிளப்பைப் பார்த்து முடிவெடுக்காமல், தணிக்கையாளரிடம் எழுத்தில் ஆலோசனை வாங்குங்கள்.

பார் உரிமம் இன்னும் கவனம் கேட்பது. எஃப்.எல். 2 உரிமம் உறுப்பினர்களுக்கு மட்டும் மது வழங்கத்தான். அந்த உரிமத்துக்காகவே மன்றம் பதிவு செய்து, வருகிறவர்களுக்கெல்லாம் விற்று, மனமகிழ் மன்றம் என்ற பெயரையே கெடுத்தவர்கள் இருக்கிறார்கள். நேர்மையான மன்றங்களும் இதனால் சந்தேகத்துக்கு ஆளாகின்றன. உறுப்பினர் பதிவேடும் விருந்தினர் பதிவேடும் நாள்தோறும் சரியாக இருப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு. சீட்டாட்டத்திலும் அப்படித்தான். ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். பந்தயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து கிளப் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மன்றத்தில் பெண்களின் பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்க 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். உடை விதியிலும் கவனம் தேவை. 2014இல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. வேட்டிக்குத் தடை போடுகிறவருக்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

‘இது எங்கள் தனிப்பட்ட மன்றம், அரசுக்கு என்ன வேலை?’ என்று கேட்பவர்கள் டெல்லி ஜிம்கானா கிளப்பைப் பார்க்கட்டும். 1913இல் தொடங்கியது, அரசு குத்தகைக்குத் தந்த 27 ஏக்கரில் இருக்கிறது. விண்ணப்பித்தவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காக்க வைத்தது, உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தந்தது என்ற குற்றச்சாட்டுகளோடு மத்திய அரசு 2020இல் கம்பெனித் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2021 பிப்ரவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் நிர்வாகக் குழுவை நிறுத்திவைத்தது. 2022இல் 15 இயக்குநர்களை அரசே நியமிக்க அனுமதி கிடைத்தது.

புதிதாகப் பொறுப்பேற்றிருக்கிற நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அலுவலக அலமாரியில் இருக்கும் துணை விதிகள், திருத்தங்கள் சேராத பழைய பிரதியாக இருக்கக்கூடும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி கொடுத்து, அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக அதையே வையுங்கள்.