பழி ஆறு ஆண்டுகளின் மேலா?

நம் ஊர் கோத்தா கோலா மூடா பிள்ளைகள் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் 6.5 எடுக்கத் திணறுகிறார்களாம், காரணம் தமிழ்ப்பள்ளியாம். நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார்.

கணக்கு இடிக்கிறதே ஐயா! தமிழ்ப்பள்ளி ஆறே ஆண்டு. அதன்பின் இடைநிலைப்பள்ளி ஐந்து ஆண்டு, மலாய் மொழியில். அந்த ஐந்தை யார் கேட்பது? மலாய்த் தொடக்கப்பள்ளியில் படித்துவந்த பிள்ளையும் அதே 6.5-இல்தான் முட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தைத் தமிழ்ப்பள்ளி ஒதுக்கவும் இல்லை. 2003-இல் அரசாங்கம் கணிதம், அறிவியலை ஆங்கிலத்தில் நடத்தச் சொன்னபோது தமிழ்ப்பள்ளிகளும் நடத்தின. 2009-இல் அதைக் கைவிட முடிவெடுத்தது அரசாங்கம். தமிழ்ப்பள்ளி வாத்தியார் அல்ல.

கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்கின் சராசரிதான் ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண். எழுத்தில் மட்டும் ஒரு மணி நேரத்தில் இரண்டு பணிகள்: குறைந்தது 150 சொல்லில் ஒன்று, குறைந்தது 250 சொல்லில் ஒன்று. இது பழக்கத்தில் வருவது. பழக்கத்துக்குப் பணம் வேண்டும். தேர்வுக் கட்டணமே பல நூறு ரிங்கிட். எடுத்த மதிப்பெண்ணும் பொதுவாக இரண்டு ஆண்டுதான் செல்லும். தோட்டத் தொழிலை விட்டு வெளியேறிய குடும்பம் எத்தனை தடவை கட்டும்?

நண்பருக்கு உண்மையிலேயே அக்கறை இருந்தால், ஒரு பிள்ளையின் இரண்டாம் தடவைக் கட்டணத்தை அவர் கட்டட்டும்.