கருவி குற்றவாளியன்று

கொழும்பு மாளிகாவத்தையின் தொடர்மாடிகளிலே, வேலையும் படிப்பும் முடிந்த இரவு வேளையில், கைத்தொலைபேசியிலோ கணினியிலோ மனித உருவம் வரையப் பழகும் இளைஞர் இன்று அரியர் அல்லர். இப்பொழுதுபோக்கை நோக்கி இரு திசைகளிலிருந்து ஏளனம் எழுகின்றது. “இயந்திரத்தில் வரைவது கலையாகுமா?” என்பர் மூத்தோர். “கட்டளையிட்டால் செயற்கை நுண்ணறிவே படம் தருகையில் பழகுவது எதற்கு?” என்பர் இளையோர். இரு கூற்றுக்களும் ஒரே தவறிலிருந்து பிறந்தவை. வரைதலின் பயன் படம் என இரு சாராரும் கருதுகின்றனர். அதன் முதற்பயன் பார்வை என்பதே எமது வாதம். உயிருருவம் வரைதல் தகுமா எனும் மார்க்க வினா தனித்து ஆராயற்பாலது. அது ஈண்டு எமது பொருளன்று.

மூத்தோர் கூற்றை முதலில் நோக்குவோம். புகைப்படக் கருவியும் ஒருகாலத்தில் வெறும் இயந்திரமென இகழப்பட்டதே. ஆயின் 1943இல் கொழும்பில் தோன்றிய ‘43 குழு’வின் மூலவருள் ஒருவரான லயனல் வென்ற் (1900–1944), அக்கருவி கொண்டே இந்நாட்டு உழைப்பாளரின் உடல்களைக் கலைப்பொருளாக்கினார். பிழையைப் பொத்தானால் நீக்குதல் சோம்பலை வளர்க்கும் என்போர், அழிறப்பரைக் கண்டு அவ்வாறு அஞ்சியதில்லை. படத்தை இடம்வலமாகப் புரட்டிக் குறைகாணும் வசதியை நகைப்போர், ஓவியத்தைக் கண்ணாடியிற் பார்த்துத் திருத்துமாறு லியனார்டோ டா வின்சி எழுதிவைத்ததை மறந்துவிடுகின்றனர். ஓவியக்கூடமும் தைலவண்ணமும் மாதிரியாக அமர்வோரும் வசதி படைத்தோர்க்கே எளிதிற் கிட்டின. இன்றோ கிறீற்றா போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கறுவாத்தோட்டத்துக்கு எளிதாயிருந்த பயிற்சி மாளிகாவத்தைக்கும் எட்டுவதை வீழ்ச்சி எனல் எவ்வகை நியாயம்?

ஆயினும் பழகுவோரை வாளா புகழ்தலும் எமது நோக்கமன்று. இவர்களின் திரைகளை நிரப்பும் உருவங்கள் யாருடையவை? யப்பானியச் சித்திரக்கதைகளின் நெடிய கால்களும் அமெரிக்க வீரர்களின் அகன்ற தோள்களுமே அங்கு மிகுதி. 43 குழு தோன்றிய அதே 1943இல் அமெரிக்கரான அன்றூ லூமிஸ் வெளியிட்ட உருவவரைதல் நூல் இன்றும் பலருக்கு ஆசான். இலட்சிய உடலுக்கு எட்டுத் தலை அளவு கூறிய அவரே, சாதாரண மனிதன் ஏழரைத் தலை அளவினன் என்றும் குறித்தார். எமது மாணவர் எட்டை மனனஞ் செய்து ஏழரையை விட்டுவிடுகின்றனர். எமது சிற்பநூல்களும் ஒரே அளவை யாவர்க்கும் விதித்தனவல்ல. பெருந்தெய்வங்களுக்கு 124 அங்குல உத்தம தசதாளம் கூறிய அந்நூல்களே பிள்ளையாருக்குப் பஞ்சதாளம் வகுத்தன. உருவத்துக்கேற்ப அளவு மாறும் என்பது எமக்குப் புதிய பாடமன்று.

இவர்கள் வீட்டு வாசலைத் தாண்டினாற் காணக்கூடிய உடல்கள் எத்தனை! புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமையின் கழுத்து முன்னோக்கி வளைந்திருக்கும்; பாரம் இறங்கிய பின்னும் அவ்வளைவு முற்றாக நிமிர்வதில்லை. தையல் இயந்திரத்தின் முன் நாள்முழுதும் குனிந்திருக்கும் பெண்ணின் தோள்கள், குழாயடியில் குந்தியிருக்கும் முதியவளின் முழங்கால்கள், மரதானைப் புகையிரதத்தில் நின்றவாறே உறங்கும் தொழிலாளியின் இடுப்பு – இவற்றை எந்த மென்பொருளின் பொம்மை உருவமும் கற்பிக்காது. உழைப்பு உடலில் எழுதும் வரலாற்றை வாசிக்கக் கண் பழகவேண்டும்.

இளையோர் கூற்றுக்கும் இதுவே விடை. செயற்கை நுண்ணறிவு முன்னர் திரட்டப்பட்ட படங்களிலிருந்தே உருவங்களை ஆக்குகின்றது. அத்திரட்டில் அருகியோர் அதன் விடையிலும் அருகுவர். அது கணப்பொழுதில் நூறு படம் தரலாம். ஆனால் அயலவனின் முதுகை அரைமணிநேரம் நோக்கியிருந்த ஒருவனுள் நிகழும் மாற்றத்தை அது தரமாட்டாது. கணிப்பான் வந்தபின்னும் நாம் குழந்தைக்கு எண் கற்பிக்கின்றோம் அன்றோ?

எனவே பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்குதல் கூடாது. கவிதைக்கும் நாடகத்துக்கும் பட்டறை நடத்தும் நாம், வாரம் ஒருமுறை மாணவரைத் தெருவுக்கும் சந்தைக்கும் அழைத்துச்சென்று, வரையப்படுவோரின் சம்மதத்துடன் வரையச்செய்தல் இயலாததன்று. தாளோ திரையோ, கருவி எதுவாயினும் ஆகுக. இரவல் உடல்களை வரைந்து பழகிய தலைமுறை, தன் மக்களைக் காணாமலே கடந்து செல்லும். அதனைத் தடுப்பது எமது கடமையாகும்.