எலியின் அச்சமும் அறிவியலின் அளவுகோலும்

தஞ்சை வயல்களில் நெற்பயிர் சூல்கொள்ளும் பருவத்தில் எலித்தொல்லை மிகும். உழவர்கள் ஆந்தை வந்து அமர்வதற்கு வயலின் நடுவே குச்சிகளை நடுவர். வரப்போரத்தில் கிட்டி வைப்பர். நச்சுத்தீனி வைப்பதாயின், முதலிரு நாளும் நஞ்சு கலவாத தீனியை வைத்து எலியைப் பழக்குவர். எலி புதியதை ஐயுறும், திறந்த வெளியை அஞ்சும், இடமும் மணமும் மாறினால் தன் நடத்தையை மாற்றிக்கொள்ளும் என்பது அவர்தம் பட்டறிவு.

திறந்த வெளியின்மீது எலி கொண்ட இவ்வச்சத்தையே ஆய்வுக்கூடம் அளவுகோலாக்கியது. கூட்டல் குறி வடிவில் அமைந்த ஒரு மேடை தரையிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் உயரத்தில் நிறுத்தப்படும். அதன் இரு கைகளுக்குச் சுவர் உண்டு. மற்ற இரண்டும் திறந்தவை. எலி 5 நிமிடம் அதில் விடப்படும். சுவரோரம் ஒடுங்கினால் பதற்றம் மிகுதி என்றும், திறந்த கைகளில் உலவினால் பதற்றம் குறைவு என்றும் கொள்வர். 1980களில் பரவிய இச்சோதனை, மனப்பதற்றத்திற்கான மருந்துகளைத் தேர்வதில் இன்றும் பயன்படுகிறது.

இவ்வளவுகோல் எந்த அளவிற்கு நம்பத்தக்கது? எலி திறந்த கைக்குச் செல்வது அச்சம் தணிந்ததாலா, வெறும் துடிப்பு மிகுந்ததாலா என்பதைச் சோதனை தானாகப் பிரித்துக் காட்டாது. 1999ஆம் ஆண்டில் ஆல்பனி, எட்மண்டன், போர்ட்லாந்து ஆகிய மூன்று நகரங்களின் ஆய்வுக்கூடங்கள் 8 மரபு வகைச் சுண்டெலிகளை ஒரே முறையில் சோதித்தன. கருவி, வயது, சோதனை நேரம் ஆகியவற்றை ஒன்றாக்க அரிதின் முயன்றும், சில சோதனைகளின் முடிவுகள் கூடத்திற்குக் கூடம் வேறுபட்டன. அவற்றுள் இம்மேடைச் சோதனையும் ஒன்று. ஆண் ஆய்வாளரின் உடல்மணமே எலிகளுக்கு உளைச்சல் தருவதை 2014இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. அளப்பவரும் அளவின் ஒரு பகுதியாகிவிடுகிறார்!

இதனால் சோதனையைக் கைவிட வேண்டும் என்பதில்லை. அதனைத் தனிச்சாட்சியாகக் கொள்வதே தவறு. பெங்களூருவிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மைய ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்வழி காட்டுகிறது. ஒரே ஒருமுறை 2 மணி நேரம் அசையவிடாமல் வைக்கப்பட்ட எலிகள், 10 நாள்களுக்குப் பின் இம்மேடையில் கூடுதல் பதற்றம் காட்டின. அவ்வேளையில் அவற்றின் மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியிலும், நரம்பணுக் கிளைகளின் நுண்முட்கள் பெருகியிருந்தன. நடத்தை சொன்னதை மூளையின் மாற்றம் வழிமொழிந்தது.

ஆகவே, ஒரு மருந்தை மதிப்பிடப் பல்வகைச் சோதனைகள் வேண்டும். அவை வெவ்வேறு கூடங்களில் மீளச் செய்யப்பட வேண்டும். ஒளியின் அளவும் கையாண்டவர் விவரமும் அறிக்கையில் இடம்பெற வேண்டும். இதனால் செலவும் காலமும் கூடும் என்பர். பிழையான அளவை நம்பிப் பயனற்ற மருந்தின் பின் அலைவது அதனினும் பெருஞ்செலவன்றோ? தேவையற்ற துன்பத்தை விலங்குகளுக்கு இழைக்கலாகாது என்பது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் நோக்கம். நம்பத்தகாத சோதனையில் எலி படும் துன்பம் யாருக்கும் பயன்படாத துன்பம். மருந்துக்காகக் காத்திருக்கும் மனிதருக்கும், சோதனைக்கு ஆளாகும் சிற்றுயிருக்கும் அறிவியல் கடன்பட்டுள்ளது. செம்மையாக அளப்பதே அக்கடனைத் தீர்க்கும் வழி.