மாதிரி வீடு

போன மாதம் நண்பர் ஒருவர் வீட்டுக் கிரகப்பிரவேசம். புறநகரில் மாடி வீடு, இருபது வருஷ வங்கிக் கடன். "வாங்க, சுத்திக் காட்டறேன்" என்று பெருமையாக அழைத்துப் போனார்.

வாசலில் தேக்குத் தூண். சும்மா தட்டிப் பார்த்தேன், 'டொப்' என்றது. ஃபைபராம். ஹாலில் மரத் தரை. தொட்டால் சில்லென்று டைல்ஸ். மொட்டை மாடியில் பச்சைப் புல்வெளி. வெறுங்காலை வைத்தேன், பொசுக்கிவிட்டது. பிளாஸ்டிக். பூஜை அறை மாவிலைத் தோரணமும் பிளாஸ்டிக்! நிஜம் என்று பார்த்தால் வாசலில் கட்டிய வாழை மரம் மட்டும்தான்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஹாலில் ஒரு சுவர், செங்கல் தெரிகிற மாதிரி. "எக்ஸ்போஸ்டு பிரிக் லுக்" என்றார். "உள்ளே என்ன சுவர்?" என்றேன். "செங்கல்தான்!"

புரிகிறதா? சூளையில் சுட்ட அசல் செங்கல்லை வாங்கிச் சுவர் எழுப்பி, சிமெண்ட் பூசி அதை மறைத்து, அதன்மேல் செங்கல் மாதிரி டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதற்குத் தனி பில்!

1945-ல் இந்தியா வந்த ஆங்கிலேயர் லாரி பேக்கர், பின்னாளில் திருவனந்தபுரத்தில் குடியேறி, பூசாத செங்கல் சுவர் வீடுகளாகக் கட்டித் தள்ளினார். அழகு ஒரு பக்கம், பூச்சுச் செலவு மிச்சம் என்பது இன்னொரு பக்கம். அவர் சிக்கனத்துக்குச் செய்ததை நாம் காசு கொடுத்து ஒட்டுகிறோம். 2007-ல் காலமாகிவிட்டார். நல்லவேளை, இதைப் பார்க்கவில்லை.

"பட்ஜெட் சார், தேக்குக்கு எங்கே போறது?" என்பீர்கள். நியாயம். நம் தாத்தாக்கள் பலருக்கும் தேக்கு கட்டுப்படியாகவில்லை. சிமெண்டில் சிவப்பு ஆக்சைடு கலந்து தரை போட்டார்கள், கடப்பா கல்லில் அலமாரி வைத்தார்கள். இரண்டுமே மலிவு. ஆனால் எதுவும் பளிங்கு வேஷம் போடவில்லை. மலிவு கேவலமில்லைங்க. அதை மறைக்கச் செய்கிற செலவுதான் கேவலம்.

"செட்டிநாட்டில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் சுவரைப் பளிங்கு மாதிரி ஆக்கலையா?" என்று மடக்குவீர்கள். ஆக்கினார்கள். அது சுண்ணாம்பைத் தேய்த்துத் தேய்த்து வந்த பளபளப்பு. சுரண்டினாலும் சுண்ணாம்புதான் வரும். ஆத்தங்குடிக் கல்லும் அப்படியே. கண்ணாடிமேல் வண்ண சிமெண்டை ஊற்றிக் கையால் செய்கிறார்கள். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பதோடு சரி. நடக்க நடக்க மினுமினுப்பு கூடும். இப்போது அதே பூவை பிரிண்ட் அடித்த டைல்ஸ் ஷோரூமில் கிடைக்கிறது. மூலை பெயர்ந்தால் சாயம் வெளுத்துவிடும். அதற்குள் ஆத்தங்குடிக்காரருக்குப் போக வேண்டிய ஆர்டரும் போய்விடும்.

நான் பி.காம். படித்தவன், கணக்காகவே சொல்கிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போங்கள். இடித்த வீடுகளின் பழைய கதவும் தூணும் இன்றைக்கும் நல்ல விலைக்குப் போகின்றன. உரித்துப் போட்ட லேமினேட் ஷீட்டை எந்தக் காயலான் கடைக்காரர் காசு கொடுத்து எடுப்பார்? மரத்தில் கீறல் விழுந்தால் இழைத்து பாலீஷ் போடலாம். ஷீட்டில் விழுந்தால் ஷீட்டையே மாற்றணும். சுவரெல்லாம் பி.வி.சி. பேனல் என்றால் இன்னொன்றும் உண்டு. தீப்பிடித்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயு கிளம்பும். தேய்மானத்தில் இதை எந்தப் பக்கம் எழுதுவது?

அடுத்த தடவை கடைக்காரர் "மரம் மாதிரியே இருக்கும் சார்" என்று ஆரம்பித்தால், "எது மாதிரியும் வேண்டாம், அதுவாவே இருக்கிற ஒண்ணைக் காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள். சிமெண்டோ, செங்கல்லோ, நாட்டு ஓடோ, உங்கள் பைக்கு ஏற்றது எதுவானாலும் சரி.

இருபது வருஷம் மாசாமாசம் வங்கிக்கு நீங்கள் கட்டப்போவது அசலும் வட்டியும். வீட்டுக்குள் மட்டும் ஏன் சார் நகல்?